கோவையின் பயிர் ஆய்வு மரபு

கோவையின் பயிர் ஆய்வு மரபு என்பது 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து கோயம்புத்தூரில் வளர்ந்துவந்த வேளாண் கல்வி, பயிர் இனவிருத்தி ஆய்வு, அவற்றைச் சார்ந்த தொழில்கள் ஆகியவற்றின் வரலாறு ஆகும். உயிரியல் ஆய்வு என்றவுடன் மருந்து, தடுப்பூசி, மரபணுக் கூடம் ஆகியவையே இன்று நினைவுக்கு வருகின்றன. நெல்லையும் கரும்பையும் பருத்தியையும் ஆராய்வதும் உயிரியல்தான். இந்தியாவில் உயிரியல் ஆய்வு, அதற்கான பயிற்சி, அதன்வழி எழுந்த தொழில் ஆகிய மூன்றும் ஒரே ஊரில் நூறாண்டுக்கும் மேலாகச் சேர்ந்திருக்கும் இடங்கள் சில மட்டுமே. கோவை அவற்றுள் ஒன்று. இக்கட்டுரையில் கரும்புக்கே கூடுதல் இடம் தரப்பட்டுள்ளது. கோவையின் பெயரைச் சுருக்கித் தன் பெயராகத் தாங்கி உலகின் பல நாடுகளுக்குச் சென்ற பயிர் அதுவே.

சைதாப்பேட்டையிலிருந்து லாலி சாலைக்கு

சென்னை மாகாணத்தில் முறையான வேளாண் கல்வி 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சைதாப்பேட்டையில் தொடங்கியது. அங்கே அரசுப் பண்ணை ஒன்றும் அதனைச் சார்ந்த பள்ளி ஒன்றும் இயங்கின. 1876-78 பஞ்சத்தில் மாகாணம் முழுவதும் மக்கள் மடிந்தனர். அதன் பின் அமைந்த பஞ்ச ஆணைக்குழு, மாகாணங்களில் வேளாண் துறைகள் வேண்டும் என்று வற்புறுத்தியது. எனினும் பரிந்துரை செயலாக வெகுகாலம் பிடித்தது. வேளாண் கல்வி 1906இல் கோவைக்கு மாற்றப்பட்டது. அப்போது ஆளுநராக இருந்தவர் ஆர்தர் லாலி. கல்லூரி அமைந்த சாலை இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது. நாள்தோறும் அந்தச் சாலையில் பேருந்தில் செல்வோரில் பலருக்கு லாலி என்பவர் யார் என்று தெரியாது. நானும் ஆசிரியப் பணிக்கு வந்த பிறகே தெரிந்துகொண்டேன்.

கோவைக்கு இயற்கை சில வசதிகளைத் தந்திருந்தது. கரிசல் மண்ணும் செம்மண்ணும் அருகருகே உள்ளன. நன்செய், புன்செய், கிணற்றுப் பாசனத் தோட்டம் ஆகிய மூவகை வேளாண்மையையும் ஒரு நாள் நடையில் பார்த்துவிடலாம். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று கோடையின் கடுமையைத் தணிக்கிறது. மேற்கே மலைக்காடு. மாணவனுக்கும் ஆய்வாளனுக்கும் வேண்டிய பலவும் அருகிலேயே கிடைத்தன.

கல்லூரியை அடுத்து மற்ற நிறுவனங்களும் வந்தன. சென்னை மாகாணத்தின் தாவர உலர்தொகுப்பு கோவைக்கு வந்து சேர்ந்தது. கேம்பிள் தொடங்கி, அவருக்குப்பின் ஃபிஷர் முடித்த சென்னை மாகாணத் தாவரவளம் என்னும் பெருநூல் (1915-1936) உருவானதில் இத்தொகுப்புக்குப் பெரும் பங்கு உண்டு. 1912இல் நெல் இனவிருத்தி நிலையமும், அதே ஆண்டில் கரும்பு இனவிருத்தி நிலையமும் தொடங்கப்பட்டன. பின்னர் சிறுதானியங்களுக்கும் பருத்திக்கும் தனி நிலையங்கள் அமைந்தன. வனவியல் கல்வியும் இவ்வூரில்தான் நடந்தது. 1902இல் தொடங்கிய காஸ் வன அருங்காட்சியகத்தைக் கோவை மாணவர்கள் கட்டாயம் ஒருமுறையேனும் பார்க்கவேண்டும்.

கரும்பு பூக்கும் ஊர்

கரும்பை விதையிட்டு யாரும் பயிர் செய்வதில்லை. தண்டைத் துண்டுகளாக வெட்டிக் கரணையாக நடுகிறோம். ஒரு கரணையிலிருந்து வளரும் கரும்பு தாய்க்கரும்பின் அச்சு அசலான நகல். தாயிடம் உள்ள நல்ல குணமும் கெட்ட குணமும் அப்படியே வரும். புதிய ரகம் வேண்டுமென்றால் இரண்டு கரும்புகளைப் பூக்கச்செய்து, ஒன்றின் மகரந்தத்தை மற்றொன்றில் சேர்த்து, விதை எடுக்கவேண்டும். கரும்பு விதையை முளைக்கவைக்க முடியும் என்பதே 19ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில்தான் ஜாவாவிலும் பார்படோசிலும் உறுதியாயிற்று.

அன்று இந்தியக் கரும்பின் பெரும்பகுதி கங்கைச் சமவெளியிலும் பஞ்சாபிலும் விளைந்தது. அந்தக் கரும்புகள் மெலிந்தவை, விளைச்சல் குறைந்தவை. ஜாவாவிலிருந்து வெள்ளைச் சர்க்கரை கப்பல் கப்பலாக வந்து இறங்கியது. வடநாட்டுக் கரும்பை மேம்படுத்தவேண்டும், ஆனால் வடநாட்டில் அது சரியாகப் பூப்பதில்லை. பூத்தாலும் குளிரில் மகரந்தம் செயலிழந்துவிடும்.

காரணம் பகல் நீளம். கரும்பு பூமொட்டு வைக்க, பகல் ஏறத்தாழ பன்னிரண்டரை மணி நேரமாக இருந்து மெல்ல மெல்லக் குறையவேண்டும். அத்துடன் இரவில் கடுங்குளிர் கூடாது. ஏறத்தாழ 11 பாகை வட அகலாங்கில் உள்ள கோவையில், ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் உள்ள வேறுபாடு ஒன்றரை மணி நேரத்திற்கும் குறைவு. டெல்லியிலோ அது மூன்றரை மணி நேரத்தைத் தாண்டும். கோவையில் பகல் மெதுவாகக் குறைவதால் கரும்புக்கு மொட்டு வைக்க அவகாசம் கிடைக்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் கதிர் வெளிவரும்போது மகரந்தமும் உயிரோடு இருக்கிறது. வடநாட்டுப் பயிருக்கான ஆய்வு நிலையம் தென்னாட்டில் அமைந்தது இதனால்தான்.

வெல்லம் காய்ச்சும் விவசாயிக்குப் பூத்த கரும்பு பிடிக்காது. பூத்தபின் தண்டு வளராது, நாளாக ஆகச் சக்கையாகும். இனவிருத்தி ஆய்வாளருக்கோ பூக்காத கரும்பால் பயனில்லை.

பார்பரும் வெங்கட்ராமனும்

நிலையத்தைத் தொடங்கி வைத்தவர் சார்லஸ் ஆல்ஃபிரட் பார்பர். சென்னை மாகாண அரசின் தாவரவியலாளராக இருந்தவர். வட இந்தியக் கரும்புகளை வகைப்படுத்தி ஆராய்ந்தவர். அவ்வகைக் கரும்புகளின் அறிவியல் பெயரான சக்காரம் பார்பெரி அவரை நினைவுகூர்வதே. அவருடன் பணியாற்றி, அவருக்குப் பின் நிலையத்தை நெடுங்காலம் நடத்தியவர் தி. சா. வெங்கட்ராமன் (1884-1963). சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த தாவரவியலாளர்.

இவர்கள் செய்த முதல் பெரும் செயல், தோட்டத்துக் கரும்பைக் காட்டுக் கரும்போடு சேர்த்தது. ஒரு பக்கம் 'வெள்ளை' என்று நம் நாட்டில் வழங்கிய தடித்த, சாறு நிறைந்த கரும்பு. மறுபக்கம் கோவையின் வாய்க்கால் ஓரங்களிலும் தரிசுகளிலும் தானாக வளர்ந்து கிடந்த, நாணல் போன்ற சக்காரம் ஸ்பான்டேனியம். அதில் இனிப்பு என்று சொல்ல எதுவுமில்லை. ஆனால் வறட்சியிலும் நீர் தேங்கினாலும் சாகாது, நோய் எளிதில் தாக்காது. இந்தக் கலப்பில் பிறந்த 'கோ 205' 1918இல் பஞ்சாபில் பயிரிட வெளியிடப்பட்டது. அங்கே ஏற்கெனவே இருந்த ரகத்தைவிட அது வெகுவாகக் கூடுதல் விளைச்சல் தந்தது. வணிகப் பயிராக வெற்றிபெற்ற, காட்டுக் கரும்பின் இரத்தம் கலந்த முதல் ரகங்களில் ஒன்றாக உலகக் கரும்பு வரலாற்றில் அது இடம் பெற்றது.

எளிதில் நடந்த வேலையன்று இது. கரும்பின் கதிரில் உள்ள பூக்கள் மிகச் சிறியவை. வேறு மகரந்தம் வந்து சேராதபடி கதிரை மூடிக் காக்கவேண்டும். மகரந்தம் தரவேண்டிய கதிரைத் தாய்க்கதிருக்குச் சற்று மேலே நிறுத்தவேண்டும். கிடைக்கும் விதை பஞ்சுத் துகள் போல இருக்கும், தும்மினால் பறந்துவிடும். அதைத் தட்டில் விதைத்து, முளைத்த நாற்றுகளை நட்டு, ஒவ்வொன்றையும் தனித்தனியே அளந்து, ஆயிரக்கணக்கானவற்றைக் கழித்து, சிலவற்றைத் தேர்ந்து, அவற்றைப் பல இடங்களில் பல பருவங்கள் பயிரிட்டுப் பார்க்கவேண்டும். ஒரு கலப்பு ரகமாக வெளிவர இன்றும் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேலாகிறது. ஒருவர் தம் பணிக்காலத்தில் இரண்டு மூன்று முழுச் சுற்றுகளைக் கண்டாலே பெரிது.

கோ 205க்குப் பின் கோ 213, கோ 281, கோ 290, கோ 312 எனத் தொடர்ந்து ரகங்கள் வந்தன. கோ 281 தென்னாப்பிரிக்காவிலும் அமெரிக்காவின் லூசியானாவிலும் பயிரானது. கோ 290 ஆஸ்திரேலியா வரை சென்றது. அந்த நாடுகளில் தாமாக உருவாக்கிய பல ரகங்களுக்கும் கோவைக் கரும்பு பாட்டனாகவோ பாட்டியாகவோ ஆயிற்று. ஜாவாவின் புகழ்பெற்ற பி.ஓ.ஜே. 2878 ரகத்தையும் கோ 290ஐயும் சேர்த்து உருவான கோ 419, தென்னிந்தியாவுக்கு ஏற்றதாகப் பல ஆண்டுகள் கோலோச்சியது. கோவை நிலையத்தின் தொடக்கக் காலப் பயன் பீகாருக்கும் உத்தரப் பிரதேசத்துக்கும் பஞ்சாபுக்கும்தான் சென்றது. தமிழ்நாட்டு விவசாயி கோ 419 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

வெங்கட்ராமன் கரும்பைச் சோளத்தோடும், பின்னர் மூங்கிலோடும் கலக்க முயன்றார். சோளத்தின் குறுகிய வாழ்நாள் கரும்புக்கு வந்தால் ஓராண்டுப் பயிரைச் சில மாதங்களில் அறுக்கலாமே என்பது நோக்கம். கலப்புகள் பிறந்தன, ஆனால் கழனிக்கு உதவும் ரகமாக அவை ஆகவில்லை. அக்காலச் செய்தித்தாள்கள் அவற்றை அதிசயமாகக் கொண்டாடின. நிலையத்தின் மெய்யான அதிசயம் கோ 205 போன்ற ரகங்களே என்பது என் கருத்து. வெங்கட்ராமனுக்கு ஆங்கில அரசு சர் பட்டம் அளித்தது. விடுதலைக்குப்பின் 1956இல் பத்ம பூஷண் வழங்கப்பட்டது.

ஜானகி அம்மாள்

1934 முதல் 1939 வரை கோவை நிலையத்தில் மரபியலாளராகப் பணியாற்றியவர் ஜானகி அம்மாள் (1897-1984). தலச்சேரியில் பிறந்து, சென்னையில் இராணி மேரிக் கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் படித்தவர். அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 1931இல் முனைவர் பட்டம் பெற்றவர். நுண்ணோக்கியில் குரோமோசோம்களை எண்ணுவதில் அவர் வல்லவர்.

கரும்பு இனவிருத்திக்கு அந்த எண்ணிக்கை ஏன் வேண்டும்? தோட்டத்துத் தடித்த கரும்பில் 80 குரோமோசோம்கள் உள்ளன. காட்டுக் கரும்பிலோ இடத்துக்கு இடம் 40 முதல் 128 வரை மாறுகிறது. இரண்டும் சேரும்போது பிறக்கும் செடியில் எத்தனை இருக்கும், தாயின் பங்கு எவ்வளவு, தந்தையின் பங்கு எவ்வளவு என்று தெரிந்தால்தான் அடுத்த கலப்பை எதனோடு செய்வது என்று முடிவு செய்யலாம். அதுவரை கைப்பழக்கத்தாலும் கண்மதிப்பாலும் நடந்துவந்த வேலைக்கு ஜானகி அம்மாள் உயிரணு அளவில் விளக்கம் தேடினார். காட்டுக் கரும்பின் வகைகளை ஆராய்ந்தார். கரும்பையும் மக்காச்சோளத்தையும் கலந்து பிறந்த செடியை விவரித்து எழுதினார்.

ஆண்களே நிறைந்த நிறுவனத்தில், திருமணம் செய்துகொள்ளாமல் தனித்து வாழ்ந்த, அக்காலச் சமூகம் தாழ்வாகக் கருதிய குடும்பப் பின்னணியைக் கொண்ட பெண்ணுக்கு அங்கே இருந்த இடர்ப்பாடுகளை அவர் வாழ்க்கையை எழுதியோர் பதிவு செய்துள்ளனர். 1939இல் எடின்பரோவில் நடந்த உலக மரபியல் மாநாட்டுக்குச் சென்றார். போர் மூண்டது. அவர் திரும்பவில்லை. இங்கிலாந்தில் ஜான் இன்னஸ் நிறுவனத்தில் சேர்ந்து, டார்லிங்டனுடன் இணைந்து பயிர்த் தாவரங்களின் குரோமோசோம் தொகுப்பேட்டை 1945இல் வெளியிட்டார். நேருவின் அழைப்பின்பேரில் 1951இல் இந்தியாவுக்குத் திரும்பி இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தைச் சீரமைக்கும் பணியில் ஈடுபட்டார். இறுதிக்காலத்தில் சென்னையை அடுத்த மதுரவாயலில் இருந்த பல்கலைக்கழகக் களக்கூடத்தில் பணிசெய்தபடியே மறைந்தார்.

முப்பதாண்டுக்கும் மேலாக நான் உயிரியல் கற்பித்தேன். மெண்டலின் பட்டாணிச் செடியை ஆண்டுதோறும் கரும்பலகையில் வரைந்தேன். பேருந்தில் சென்றால் எட்டிவிடும் தொலைவில் ஐந்தாண்டு குரோமோசோம் எண்ணிய பெண்மணியைப் பற்றிப் பாடநூலில் ஒரு வரி இருந்ததாக நினைவில்லை. நானாகச் சொன்னதும் மிகப் பிந்தித்தான்.

ஆலைகள் எழுந்த கதை

1932இல் இந்தியச் சர்க்கரைத் தொழிலுக்குக் காப்பு வரி விதிக்கப்பட்டது. ஜாவாச் சர்க்கரை விலை உயர்ந்தது. அதற்கு முன் நாடு முழுவதும் ஏறத்தாழ முப்பதாக இருந்த நவீனச் சர்க்கரை ஆலைகள் சில ஆண்டுகளுக்குள் நூற்றுக்கு மேல் பெருகின. 1930களின் நடுப்பகுதியில் இந்தியா சர்க்கரையில் ஏறக்குறையத் தன்னிறைவு அடைந்தது.

பொருளியல் நூல்கள் இந்த வளர்ச்சிக்குக் காப்பு வரியையே காரணமாகச் சொல்லும். வரி மட்டும் போதியிருக்காது. ஆலைக்கு வேண்டிய அளவு கரும்பு, வேண்டிய தரத்தில், வேண்டிய காலத்தில் வரவேண்டும். பழைய மெலிந்த கரும்பை நம்பி ஆலை நடத்த முடியாது. வரி வருவதற்குப் பதினான்கு ஆண்டுகளுக்கு முன்பே கோ 205 வந்துவிட்டது. 1932இல் வடநாட்டுக் கழனிகளில் கோவை ரகங்கள் பரவியிருந்தன. வரி கதவைத் திறந்தபோது உள்ளே நுழையக் கரும்பு தயாராக இருந்தது.

இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. உலகப் பொருளாதார மந்தத்தோடு இந்தியச் சந்தையும் கைவிட்டுப் போனதால் ஜாவாவின் சர்க்கரை ஆலைகளில் பெரும்பாலானவை மூடப்பட்டன. அங்கும் கூலியாட்கள் இருந்தனர். கோ 419இன் தாயும் ஜாவாக் கரும்பே.

நெல்லும் பருத்தியும்

நெல் நிலையத்தின் வரலாற்றில் குறிப்பிட வேண்டிய ரகம் ஜி.இ.பி. 24. அரசுப் பொருளியல் தாவரவியலாளர் என்ற பதவியின் ஆங்கில முதலெழுத்துகளே அதன் பெயர். பார்னெல் என்பவர் கோணமணி என்னும் நெல்லில் இயற்கையாகத் தோன்றிய மாற்றத்தைக் கண்டு தேர்ந்தெடுத்தது, 1921இல் வெளிவந்தது. சன்ன ரகம், சுவையான சோறு. இதனையும் கோ 18 நெல்லையும் கலந்து திரூர்குப்பத்தில் உருவானது டி.கே.எம். 6. தண்டுத் துளைப்பானைத் தாங்கும் தன்மைக்காகப் பிலிப்பைன்சில் உள்ள பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிலையம் அதனைப் பயன்படுத்தி ஐ.ஆர். 20ஐ உருவாக்கியது. என் வயதினர் அனைவரும் ஐ.ஆர். இருபது சாப்பிட்டு வளர்ந்தவர்கள். அது வெளிநாட்டு நெல் என்றே ஊரில் பேசிக்கொள்வார்கள். அதன் முன்னோரில் ஒருவர் கோவைக்காரர் என்பது தெரிந்திருந்தால் இன்னும் இரண்டு கவளம் கூடுதலாக இறங்கியிருக்கும். கோவையில் பயின்று பணியாற்றிய கே. ராமையா, 1946இல் கட்டாக்கில் தொடங்கப்பட்ட மைய நெல் ஆராய்ச்சி நிறுவனத்தின் முதல் இயக்குநரானார்.

பருத்தியின் கதை வேறு விதமாக முடிந்தது. கொங்குநாட்டில் கருங்கண்ணியும் உப்பமும் பயிராகி வந்தன. 20ஆம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் இந்தோசீனாவிலிருந்து கம்போடியாப் பருத்தி வந்தது. கிணற்றுப் பாசனத்தில் அது செழித்தது. நீண்ட இழை நூற்பாலைகளுக்குப் பிடித்தது. 1930களில் பைக்காரா மின்சாரம் வந்தபின் கோவையில் ஆலைகள் பெருகியதற்கு, அருகிலேயே விளைந்த இப்பருத்தியும் ஒரு காரணம். கம்போடியாவையும் உகாண்டாப் பருத்தியையும் கலந்து பிறந்தவை எம்.சி.யு. வரிசை ரகங்கள். சென்னை, கம்போடியா, உகாண்டா என்ற மூன்று இடப்பெயர்களின் முதலெழுத்துகள் அவை. எம்.சி.யு. 5 பலகாலம் ஆலைகளின் விருப்பப் பருத்தியாக இருந்தது.

1974இல் வி. சந்தானம் உருவாக்கிய சுவின், சுஜாதா என்ற ரகத்தையும் மேற்கிந்தியத் தீவுகளின் செயின்ட் வின்சென்ட் பருத்தியையும் கலந்தது. இந்தியாவில் விளையும் மிக நுண்ணிய இழை இதுவே. எகிப்துப் பருத்திக்கு ஈடாகப் பேசப்பட்டது. ஆனால் வயது நீண்டது, விளைச்சல் குறைவு, பறிப்புக் கூலி அதிகம். தனி விலை கிடைக்காதவரை விவசாயி ஏன் பயிரிடவேண்டும்? இன்று சேலம் மாவட்டத்து ஆத்தூர் போன்ற சில பகுதிகளில் மட்டும் மிகச் சிறிய அளவில் எஞ்சியுள்ளது.

விற்க முடிந்த விதையும் விற்க முடியாத கரணையும்

பருத்தியும் கரும்பும் ஏன் இருவேறு வழியில் சென்றன என்பதை மாணவர்கள் சிந்திக்கவேண்டும்.

பருத்தியில் ஒட்டு ரகங்கள் வந்தன. ஒட்டு ரகத்தின் விதையை எடுத்துவைத்து மறுபடி விதைத்தால் பயிர் ஒரே சீராக வராது. ஆகவே ஆண்டுதோறும் விதை வாங்கவேண்டும். ஆண்டுதோறும் வாங்கப்படும் பொருளுக்கு வணிகர் வருவர். 2002இல் மரபணு மாற்றிய பிடி பருத்திக்கு அனுமதி கிடைத்தபின், சில ஆண்டுகளிலேயே நாட்டின் பருத்திப் பரப்பில் பெரும்பகுதி தனியார் ஒட்டு விதைக்கு மாறிவிட்டது. பொது நிறுவனங்களின் ரகங்கள் பின்னுக்குச் சென்றன.

கரும்பில் அது நடக்கவில்லை. ஒருமுறை கரணை வாங்கிய விவசாயி அடுத்த நடவுக்குத் தன் தோட்டத்திலிருந்தே வெட்டிக்கொள்வார். மறுதாம்பு விட்டால் நடவே வேண்டாம். பக்கத்துத் தோட்டத்துக்காரர் கேட்டால் ஒரு வண்டி கொடுப்பார். இதில் விதை வணிகருக்கு வேலையில்லை. அதனால் இந்தியாவில் கரும்பு இனவிருத்தி இன்றளவும் பெரும்பாலும் அரசு நிறுவனங்களிடமே இருக்கிறது. அந்தப் பணிக்கு அரசுப் பணம் குறைந்தால் அதை ஈடுகட்ட வேறு யாரும் வரமாட்டார்கள். கோவையின் வலிமையும் அதன் ஆபத்தும் இதில்தான் உள்ளன.

ஆபத்து என்று சொல்வதற்குக் காரணம் செவ்வழுகல் நோய். பூஞ்சையால் வருவது. தண்டைப் பிளந்தால் உள்ளே செந்நிறமும் இடையிடையே வெண்திட்டுகளும் தெரியும், புளித்த வாடை அடிக்கும். கரணை வழியாகப் பரவும். கரணைக் கரும்பு அனைத்தும் ஒரே தாயின் நகல் என்பதால், நோய்க்கிருமி ஒரு செடியின் பூட்டைத் திறக்கக் கற்றுவிட்டால் ஊரிலுள்ள அத்தனை செடிகளும் திறந்த வீடுகளே. 1930களின் இறுதியில் பீகாரிலும் கிழக்கு உத்தரப் பிரதேசத்திலும் கோ 213 இப்படித்தான் வீழ்ந்தது. பின்னர் கடலூரில் உருவான, சர்க்கரைச் சத்து மிகுந்த சி.ஓ.சி. 671 ரகத்தையும் இந்நோய் பிடித்தது. அந்த ரகம் தன் மகளான கோ 86032இல் வாழ்கிறது. இன்று தமிழ்நாட்டு விவசாயிகள் "எண்பத்தாறு முப்பத்திரண்டு" என்று சொல்லும் கரும்பு அது. எண்ணின் முதல் இரண்டு இலக்கங்கள் ஆண்டைக் குறிக்கும், 1986. ரகமாக வெளியிடப்பட்டது 2000இல்.

நல்ல ரகம் என்று பெயரெடுத்தால் எல்லோரும் அதையே நடுகிறார்கள். எல்லோரும் நட்டால் நோய்க்கு வசதி. அப்படி வீழும்போது மாற்று ரகம் கையில் இருக்கவேண்டும் என்றால், அதற்கான கலப்பைப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்பே செய்திருக்கவேண்டும்.

பயிற்சியின் பங்கு

வேளாண் கல்லூரி 1971இல் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமாயிற்று. அதற்கு முன்பும் பின்பும் இங்கே பயின்றோர் பட்டியல் நீளமானது. 1943 வங்கப் பஞ்சத்தின் கொடுமை கேட்டு, மருத்துவம் படிக்கவேண்டும் என்ற குடும்ப எதிர்பார்ப்பை விட்டுவிட்டு, விலங்கியல் பட்டத்திற்குப் பின் கோவையில் மீண்டும் இளநிலை வேளாண்மை படித்தவர் எம். எஸ். சுவாமிநாதன்.

இங்குள்ள கல்வியின் சிறப்பு, வகுப்பறையும் ஆய்வுத் தோட்டமும் ஒரே வேலிக்குள் இருந்தது. நெல் நிலையத்தில் கதிர் எண்ணிய மாணவர் பின்னர் மாவட்ட வேளாண் அலுவலரானார். அவர் வழியே ரகம் ஊருக்குப் போயிற்று, ஊரின் குறை நிலையத்துக்குத் திரும்பி வந்தது. பிற்காலத்தில் கோவையைச் சுற்றி விதைத் தொழிலும், பல்லடம், உடுமலைப் பகுதியில் கோழிப்பண்ணைத் தொழிலும் வளர்ந்தபோது பயிற்சி பெற்ற ஆட்களுக்குப் பஞ்சம் இருக்கவில்லை. வன மரபியல் மற்றும் மர இனப்பெருக்கு நிறுவனம் 1988இலும், ஆனைகட்டியில் சாலிம் அலி பறவையியல் மையம் 1990இலும் தொடங்கின.

என் மாணவர்களை ஒரு கார்த்திகையில் கரும்பு நிறுவனத்துக்கு அழைத்துச் சென்றிருக்கிறேன். வெள்ளிநிறக் கதிர்கள் தலைக்குமேல் ஆடிக்கொண்டிருந்தன. "கரும்பு பூக்குமா சார்?" என்று கேட்டவன் கரும்புத் தோட்டத்துக்காரர் மகன். அவன் வீட்டில் பூக்கும் முன்பே வெட்டிவிடுவார்கள் போலும்.

இன்றைய நிலை

கரும்பு இனப்பெருக்கு நிறுவனம் 1969 முதல் இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் கீழ் இயங்குகிறது. கோவை வளாகத்தில் உள்ள தேசியக் கலப்புத் தோட்டத்துக்கு, பூக்கும் பருவத்தில் பல மாநிலங்களின் ஆய்வாளர்கள் வந்து தங்கள் பகுதிக்கு வேண்டிய கலப்புகளைச் செய்து விதையை எடுத்துச் செல்கின்றனர். கரும்பின் வகைகளையும் காட்டு உறவினங்களையும் உயிரோடு காக்கும் தொகுப்பு கேரளத்தின் கண்ணூரில் உள்ளது. உலகின் இருபெரும் கரும்புத் தொகுப்புகளில் அது ஒன்று, மற்றொன்று அமெரிக்காவின் மயாமியில். கரும்பின் பெரும் நோய்களும் பூச்சிகளும் இல்லாத இடம் என்பதால் கண்ணூர் தேர்ந்தெடுக்கப்பட்டது. வேறு இனங்களோடு கலக்கும் பணிக்கு அட்டப்பாடிப் பகுதியின் அகளியில் ஒரு மையம் உண்டு.

நிறுவனத்தின் கர்னால் மண்டல மையத்தில் தேர்வான கோ 0238 ரகம் 2009இல் வெளியாயிற்று. பத்தாண்டுகளில் உத்தரப் பிரதேசக் கரும்புப் பரப்பின் பெரும்பகுதியை அதுவே பிடித்தது. விளைச்சலும் சர்க்கரையும் சேர்ந்து உயர்ந்தன, ஆலைகளும் விவசாயிகளும் மகிழ்ந்தனர். பிறகு செவ்வழுகல் வந்தது. கோ 213க்கு நேர்ந்ததே ஏறத்தாழ எண்பது ஆண்டுகள் கழித்து அதே மாநிலத்தில் மீண்டும் நேர்ந்தது. கோ 0238ஐ விலக்கும்படி இப்போது விவசாயிகள் கேட்டுக்கொள்ளப்படுகின்றனர். கோ 0118, கோ 15023 போன்றவை அதன் இடத்துக்கு வருகின்றன. தமிழ்நாட்டில் கோ 86032 இருபது ஆண்டுகளுக்கு மேலாக முதலிடத்தில் நிற்கிறது. அதற்குத் துணையாகவும் மாற்றாகவும் கோ 11015 முதலிய ரகங்கள் ஆலைப் பகுதிகளில் பரப்பப்படுகின்றன.